பூவை வாட்டும் வாயுவும் அதைத் தடுக்கும் மருந்துகளும்



ஊரில் நாம் பூவுக்குக் காசு கொடுத்ததில்லை. விடியற்காலையில் வளவுக்குள் இறங்கினால் செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அலரி எனப் பனியோடு பறித்து, சிறிது நேரத்திலேயே சுவாமிக்குச் சாத்திவிடுவோம். பூ வாடுமுன் பூசை முடிந்துவிடும். நாம் வந்து குடியேறிய குளிர் நாடுகளில் நிலைமை வேறு. இங்கே மாலையாகக் கோக்கப்படும் கார்னேசன் பூ பெரும்பாலும் கென்யாவிலோ கொலம்பியாவிலோ வெட்டப்பட்டு, விமானமேறி, மொத்தச் சந்தை, கடை எனப் பல கை மாறி, வெட்டிப் பல நாட்களின் பின்னரே எமது கைக்கு வருகிறது. திருவிழாவுக்கென்று வியாழக்கிழமை வாங்கிய பூ சனிக்கிழமை மாலைக்குள் சுருங்கிவிட்டால், உபயகாரர் மறுபடியும் கடைக்கு ஓடவேண்டியதுதான்.

கணக்குத் தொழில் பார்க்கும் எமக்கு இது உறுத்தாமல் இருக்காது. வாடி எறியப்பட்ட பூ எந்தப் பேரேட்டிலும் தனி வரியாக இடம்பெறுவதில்லை. 'பூச் செலவு' என்ற ஒரே தலைப்பின் கீழ், சாத்திய பூவும் குப்பைக்குப் போன பூவும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. ஆயினும் அது அடியார் தந்த பணம். ஆகவே பூ ஏன் வாடுகிறது, அதைத் தடுக்கப் பூ வணிகர்கள் கையாளும் மருந்துகள் எவை, அவை எங்கே உதவும், எங்கே உதவமாட்டா, ஆலயத்துக்கு வரும் பூவில் நாம் எதைக் கவனிக்கவேண்டும் என்பவற்றை இவ்விதழில் படிப்போம்.

நீர் இல்லாமை மட்டும் காரணமன்று

பூ வாடினால் 'தண்ணீர் காணாது' என்றுதான் நாம் உடனே சொல்வோம். பல பூக்களுக்கு அது சரி. தண்டின் அடியில் கிருமி பெருகி நீர்க்குழாய்கள் அடைபட்டால் பூ தலை சாய்க்கும். ஆனால் கார்னேசன், ஓர்கிட் போன்ற பூக்கள் தண்டு நிறைய நீர் இருக்கும்போதே வாடுவதுண்டு. அவை தாகத்தால் வாடுவதில்லை. 'உன் காலம் முடிந்தது' என்று பூவின் உள்ளிருந்தே ஒரு கட்டளை பிறக்கிறது. அந்தக் கட்டளையைச் சுமந்து செல்வது எதிலீன் என்னும் வாயு.

எதிலீன் மிக எளிய வாயு. இரண்டு காபன் அணுக்களும் நான்கு ஐதரசன் அணுக்களும் சேர்ந்தது. நிறம் இல்லை. தாவரங்களின் ஓமோன்களில் வாயு வடிவில் இருப்பது இது. வாயுவாக இருப்பதனால் ஒரு பழத்தில் பிறந்து, பக்கத்தில் இருக்கும் பழத்தையும் பூவையும் தொட்டுவிடும்.

இந்த வாயுவைப் பெயர் தெரியாமலே எம் முன்னோர் பயன்படுத்தினர். வாழைக்குலையைக் கிடங்கில் இறக்கி, மூடி, புகை போட்டுப் பழுக்கவைத்ததை எம்மில் பலர் கண்டிருப்போம். முற்றாக எரியாத பொருளின் புகையில் சிறிதளவு எதிலீன் உண்டு. மூடிய கிடங்கில் அது தங்கி நின்று காயைப் பழமாக்குகிறது. பழத்துக்கு 'பழு' என்று சொல்லும் அதே வாயு, பூவுக்கு 'வாடு' என்று சொல்கிறது.

தெருவிளக்கு வாயு கற்பித்த பாடம்

இதனை விஞ்ஞானிகள் அறிந்த வரலாறு சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கேற்றினர். ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஆய்வு செய்த திமித்ரி நெல்யூபோவ், தம் ஆய்வுகூடக் காற்றில் முளைத்த பட்டாணி நாற்றுகள் நிமிர்ந்து வளராமல் தடித்துக் கிடையாகப் போவதையும், வெளிக்காற்றில் முளைத்தவை ஒழுங்காக வளர்வதையும் கவனித்தார். விளக்கு வாயுவில் உள்ள எதிலீனே இதற்குக் காரணம் என 1901 இல் எழுதினார்.

1908 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வில்லியம் குறொக்கர், லீ நைற் என்னும் இருவர் கார்னேசன் பூவை ஆராய்ந்தனர். கண்ணாடி வீடுகளில் விரிந்திருந்த கார்னேசன் பூக்கள் திடீரென இதழ்களை உள்ளே மடக்கிக்கொண்டு மூடிக்கொள்வது அங்குள்ள பூ வளர்ப்போருக்குப் பெரும் நட்டத்தைத் தந்தது. இதைப் பூ 'தூங்கிப்போவது' என்று அவர்கள் சொல்வார்கள். காற்றில் 20 இலட்சத்தில் 1 பங்கு எதிலீன் 12 மணித்தியாலம் இருந்தாலே விரிந்த பூ மூடிவிடும் என அவ்விருவரும் காட்டினர். ஒரு பெரிய மண்டபக் காற்றில் ஒரு சிறு குப்பியளவு வாயு கலந்தாற்போன்ற அளவு அது. இத்தனை சிறிய அளவுக்குப் பூ செவிசாய்க்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாயு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, பழுக்கும் ஆப்பிளே அதனை உண்டாக்குகிறது என 1934 இல் இங்கிலாந்தில் றிச்சேட் கேன் நிறுவினார். தாவரம் எதிலீனை எவ்வாறு ஆக்குகிறது என்பதை 1979 இல் கலிபோர்னியாவில் ஆய்வு செய்த ஆடம்ஸ், யாங் என்போர் தெளிவாக்கினர். மெதயோனின் என்னும் அமினோ அமிலத்தில் தொடங்கி, இடையில் ஏ.சி.சி. என்னும் பொருளாகி, இறுதியில் எதிலீனாக வெளியேறுகிறது.

பூவுக்குள் நடப்பது என்ன?

பூ ஏன் தன்னைத் தானே வாட்டவேண்டும்? செடிக்குப் பூ ஒரு செலவு. இதழுக்கு நீரும் சீனியும் ஓயாமல் கொடுக்கவேண்டும். வண்டு வந்து மகரந்தம் சேர்ந்ததும் இதழின் வேலை முடிந்தது. இலாபம் தராத கிளையை நிறுவனம் மூடுவது போல, செடி அந்த இதழுக்கான செலவை நிறுத்தி, இருக்கும் சத்தைக் கருவாகும் விதைக்கு மாற்றுகிறது. மகரந்தச் சேர்க்கை நடந்த ஓர்கிட் பூ, நடக்காத பூவைவிட வெகு விரைவில் வாடுவது இதனாலேயே. காயம் பட்டாலும் இழையங்கள் எதிலீனை உண்டாக்கும். வெட்டு, கசங்கல், ஊசிக் குத்து யாவும் காயங்களே. ஆகவே மாலை கோக்கும்போதே பூவுக்கு வயதேறத் தொடங்குகிறது எனலாம்.

எதிலீன் வந்தால் மட்டும் போதாது, அதை உணர ஓர் இடம் வேண்டும். தாவரக் கலங்களில் அதற்கென்றே சில புரதங்கள் உள்ளன. அவற்றைப் பூட்டு என்றும் எதிலீனைத் திறப்பு என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டினுள் எதிலீனைப் பிடித்து வைத்திருப்பது ஒரு செம்பு அணு என்பது 1999 இல் உறுதியாயிற்று. திறப்பு பொருந்தியதும் வாடும் வேலை தொடங்குகிறது. கார்னேசனில் இது ஒரு சங்கிலி போன்றது: சிறிது எதிலீனை உணர்ந்த பூ தானே மேலும் எதிலீனை ஆக்கும். அது அடுத்த பூவையும் தொடும். ஒரு வாளியில் ஒரு பூ சுருண்டால் மற்றவையும் பின்தொடர்வது இதனால்தான்.

தடுக்கும் மருந்துகள்

இப்போது மருந்துகளுக்கு வருவோம். இவை வேலை செய்யும் வழி இரண்டு. ஒன்று, எதிலீன் பிறக்காமல் தடுப்பது. மற்றது, பிறந்த எதிலீனைப் பூ உணராமல் தடுப்பது.

முதலாம் வழியில் ஏ.வி.ஜி. என்னும் மருந்து வேலை செய்கிறது. ஏ.சி.சி. உண்டாகும் படியிலுள்ள நொதியத்தை அது முடக்குகிறது. இதில் ஒரு குறை உண்டு. பூ தானே ஆக்கும் எதிலீனை இது குறைக்கும். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் வாழைப்பழத்திலிருந்து வருவதை இது தடுக்காது. உள்வரவை நிறுத்தினாலும் வெளிவரவு திறந்தே கிடக்கிறது.

இரண்டாம் வழியே பூவுக்குச் சிறந்தது. 1976 இல் பையர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வெள்ளி அயன் எதிலீனின் வேலையைத் தடுப்பதைக் கண்டார். பூட்டினுள் செம்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளி அமர்ந்துகொண்டால், எதிலீன் வந்தாலும் கட்டளை உள்ளே போகாது. ஆனால் வெள்ளி நைத்திரேற்றைத் தண்ணீரில் கரைத்துத் தண்டை வைத்தால், வெள்ளி தண்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு பூ வரை ஏறாது. 1978 இல் நெதர்லாந்தில் ஃபேன், ஃபான் டி கெய்ன் என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். புகைப்படக்காரர்கள் 'ஐப்போ' என்று சொல்லும் சோடியம் தயோசல்பேற்றோடு வெள்ளியைச் சேர்த்தால், அது தண்டில் ஒட்டாமல் மேலேறிப் பூவை அடைகிறது. இதுவே வெள்ளித் தயோசல்பேற்று. வெட்டியவுடன் தோட்டத்திலேயே ஒரு முறை, அறைச் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமோ குளிரறையில் ஓர் இரவோ, இக்கரைசலில் தண்டை வைத்தெடுத்தால் போதும். கார்னேசனின் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். நெதர்லாந்தின் பூ ஏலச் சந்தைகள் எதிலீனுக்கு அஞ்சும் பூக்களை இப்படி முன்கூட்டியே பதப்படுத்தி வரவேண்டும் என விதித்தன.

ஆயினும் வெள்ளி ஒரு பார உலோகம். கழிவு நீரோடு போனால் நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. ஆகவே மாற்றுத் தேடினர். அமெரிக்காவின் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் எட்வேட் சிஸ்லர், சில்வியா பிளாங்கென்ஷிப் ஆகியோர் 1-மெதைல் சைக்குளோபுரோப்பீன் என்னும் வாயுவைக் கண்டு, 1996 இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். இதுவும் பூட்டினுள் புகுந்துகொள்ளும் ஒரு போலித் திறப்பு. எதிலீனைவிட ஏறத்தாழ பத்து மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பூட்டைத் திறக்காது. மாப்பொருளிலிருந்து ஆக்கப்படும் ஒரு சீனி வகையினுள் இந்த வாயுவை அடைத்துத் தூளாக விற்கிறார்கள். மூடிய அறையில் அத்தூளை நீரில் இட்டால் வாயு வெளிவரும். சில மணித்தியாலங்களில் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் 1999 இல் பூக்களுக்கும், 2002 இல் ஆப்பிள் முதலிய உணவுப் பொருள்களுக்கும் இது அனுமதி பெற்றது. அறுவடை முடிந்து பல மாதம் கழித்தும் கடையில் ஆப்பிள் கடினமாக இருப்பதற்கு இவ்வாயுவும் ஒரு காரணம்.

மருந்து உதவாத இடங்கள்

'அப்படியானால் ஒரு போத்தல் வாங்கி ஆலயத்தில் வைத்தாலென்ன?' என்று கேட்கத் தோன்றும். மூன்று காரணங்களை நாம் மனதிற் கொள்ளவேண்டும்.

முதலாவது, இம்மருந்துகள் காப்பவை, மீட்பவை அல்ல. எதிலீன் கட்டளை கொடுத்து இதழ் மடங்கத் தொடங்கியபின் எந்த மருந்தும் அதைத் திருப்பாது. எனவே மருந்திட வேண்டியவர் பூ வளர்ப்பவரும் மொத்த வியாபாரியுமே. எமது கைக்கு வந்தபின் காலம் கடந்துவிடுகிறது. மேலும், தண்டை அறுத்து மாலையாகக் கோத்தபின் வெள்ளிக் கரைசல் ஏற வழியே இல்லை. வாயு மருந்தின் காவலும் நிரந்தரமன்று. பூ புதுப் பூட்டுகளை உண்டாக்கும்போது அது மெல்லத் தளரும்.

இரண்டாவது, எல்லாப் பூக்களும் எதிலீனுக்குச் செவிசாய்ப்பதில்லை. கார்னேசன், ஓர்கிட், டெல்பீனியம், ஜிப்சோபிலா ஆகியன மிகவும் அஞ்சுபவை. உரோசா இனத்துக்கு இனம் வேறுபடும். செவ்வந்தி, ஜெர்பெரா ஆகிய பூக்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. செவ்வந்தி வாடினால் நீரையும் வாளியின் சுத்தத்தையும் பாருங்கள். அதற்கு எதிலீன் மருந்து வீண் செலவு.

மூன்றாவது, இவை தொழிலறிவோடு அளந்து பாவிக்க வேண்டியவை. வெள்ளி நைத்திரேற்று தோலைக் கறுப்பாக்கும், சுடும். கரைசல் கூடினால் இதழே கருகும். வீட்டுச் சமையலறையில் கலக்கும் பொருளல்ல. வெள்ளிச் செம்பில் பூவை வைத்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. போதாது. கரைந்த நிலையில் தண்டில் ஏறும் வெள்ளியே வேலை செய்யும். செம்பின் வெள்ளி செம்பிலேயே இருக்கும்.

கடையில் பூவோடு தரும் சிறு பொட்டலத்தையும் இம்மருந்தென்று எண்ணவேண்டாம். அதில் பொதுவாக இருப்பவை பூவுக்கு உணவாகும் சீனி, நீர் ஏற உதவும் புளிப்பு, கிருமியைத் தடுக்கும் ஒரு பொருள் ஆகியன. அதுவும் நல்லதே, ஆனால் அது வேறு வேலை.

காசு செலவில்லாத தடுப்பு

எதிலீனைத் தடுக்கும் மிக மலிவான வழி, அதைப் பூவிடம் நெருங்கவிடாமல் இருப்பதே. எமது ஆலயங்களில் இதற்கு நேர்மாறாகவே பெரும்பாலும் நடக்கிறது. அர்ச்சனைக்கு வந்த வாழைப்பழச் சீப்புகள், ஆப்பிள், மாம்பழம் யாவும் மாலைகளோடு ஒரே குளிரூட்டியில், ஒரே அறையில் இரவு முழுவதும் அடைந்து கிடக்கின்றன. அர்ச்சனைத் தட்டில் பழமும் பூவும் அரை மணி நேரம் சேர்ந்திருப்பதில் பிழையில்லை. மூடிய பெட்டிக்குள் ஓர் இரவு சேர்ந்திருப்பதே ஆகாது. ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. பூவுக்கு ஒரு குளிரூட்டி, பழத்துக்கு வேறு இடம். வசதியில்லையேல் பழத்தை வெளியே வையுங்கள், பூவை அல்ல.

2. குளிர் எதிலீன் பிறப்பதையும் பூ அதை உணர்வதையும் குறைக்கும். கார்னேசனும் உரோசாவும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரைத் தாங்கும். ஓர்கிட் வெப்ப நாட்டுப் பூ. 10 பாகைக்குக் கீழே போனால் குளிராலேயே கெடும். அதைக் குளிரூட்டியில் வைக்கவேண்டாம்.

3. வாடிய பூவை வாளியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். அது மற்றவற்றுக்கும் வாயுவைப் பரப்பும்.

4. ஓமம் வளர்க்கும் நாளில், சாத்துவதற்கு முன்னுள்ள பூவைப் புகை வராத அறையில் வையுங்கள். வாகனப் புகை வரும் தரிப்பிடக் கதவருகிலும் வைக்கவேண்டாம்.

5. மாலையை முதல்நாளே கோத்து வைப்பதைவிட, தண்டோடு நீரில் வைத்திருந்து சாத்தும் நாள் காலையில் கோப்பது நல்லது.

6. மொத்தமாக வாங்கும்போது, 'கார்னேசனும் ஓர்கிட்டும் எதிலீனுக்குப் பதப்படுத்தியவையா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவருக்கே நல்ல சரக்கு கிடைக்கும்.

பிரசாதமாகும் பூ

இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே. இந்நாட்டவர் பூவை மேசையில் வைத்து அழகு பார்த்து எறிந்துவிடுகிறார்கள். பூ வணிகமும் அதை எண்ணியே மருந்திடுகிறது. நாமோ சாத்திய பூவைப் பிரசாதமாகப் பெற்றுக் கண்ணில் ஒற்றுகிறோம், தலையில் சூடுகிறோம். சில வேளை இதழ் தீர்த்தத்தில் மிதக்கிறது, பஞ்சாமிர்தத் தட்டில் விழுகிறது, சிறு பிள்ளை வாயில் வைக்கிறது. கடைப் பூ உண்பதற்காக வளர்க்கப்பட்டதன்று. வெள்ளி மருந்து ஏறியிருக்கலாம். பூச்சிகொல்லியும் தெளித்திருப்பார்கள். வாயு மருந்து பூவில் தங்குவது மிகச் சொற்பம் எனினும், எது இடப்பட்டது என்பதைப் பூவைப் பார்த்து நாம் கூறமுடியாது.

ஆகவே கடைப் பூவைச் சாத்தலாம், சூடலாம். தீர்த்தத்திலும் நைவேத்தியத்திலும் இடவேண்டாம். தீர்த்தத்துக்கு வீட்டுச் சாடியில் மருந்தின்றி வளர்த்த துளசியைக் கொண்டு வாருங்கள். கழித்த மாலைகளைத் துளசிச் சாடிக்கும் கறிவேப்பிலைச் சாடிக்கும் பசளையாக இடுவதையும் தவிருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பரிசோதனை

தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே கட்டிலிருந்து இரண்டு கார்னேசன் பூக்களை எடுத்து, தனித்தனிக் குவளையில் நீரிட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் பெரிய பொலித்தீன் பையால் மூடுங்கள். ஒரு பைக்குள் மட்டும் நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றையோ கொடித்தோடம்பழம் ஒன்றையோ வையுங்கள். கொடித்தோடம்பழம் மிகுதியாக எதிலீன் விடுவது. ஆப்பிள் வேண்டாம், அதற்கே மருந்திட்டிருக்கக்கூடும். இரு பைகளையும் பழம் வாயு கடக்காதபடி தள்ளி, சூடான அறையில் வையுங்கள்.

மூன்று நாள் வரை பார்த்து, கீழ்வரும் வினாக்களுக்கு விடை எழுதுங்கள்.

1. பழத்தோடு இருந்த பூவின் இதழ்கள் உள்ளே மடங்கினவா? எத்தனையாம் நாளில்?

2. இரண்டு பூவுக்கும் நீர் இருந்ததா? அப்படியாயின் வாடியதற்குக் காரணம் என்ன?

3. இரண்டு பூவுமே மடங்காமல் நின்றால் அதன் பொருள் என்னவாக இருக்கலாம்?

மூன்றாம் வினாவின் விடை பெற்றோருக்கும் பயன்படும். பழத்தோடு அடைத்தும் மடங்காத கார்னேசன், தோட்டத்திலேயே மருந்திட்டு வந்ததாக இருக்கக்கூடும். அப்படிப் பூ விற்கும் கடையைத் திருவிழாவுக்குக் குறித்து வையுங்கள். அதே பூவைத் தீர்த்தத்தில் இடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ ஒரு நாள் வாடத்தான் செய்யும். அது இயற்கை. ஆனால் சந்நிதியை அடையுமுன்னே குளிரூட்டிக்குள் பழத்தின் பக்கத்தில் வாடுவதை நாம் தடுக்கலாம். வரும் திருவிழாவுக்கு முன்னர் களஞ்சிய அறையில் பழத்துக்கும் பூவுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குமாறு ஆலயத் தொண்டர்களை அன்புடன் வேண்டுகிறோம்.